மூன்று வாஷர்

மற்ற கார்களில் என்ஜினைத் தூக்குவார்கள்.
இதில் காரைத் தூக்க வேண்டும்.
என்ஜின் தரையில் உட்கார்ந்தபடியே இருக்கும்,
பந்தியை விட்டு எழாத
சம்பந்தி மாதிரி.

அறுபத்தேழாம் வருட வோல்க்ஸ்வேகன்.
பாலிக் பூலாவில் ஜாதிக்காய் வியாபாரியிடம்
என் போனஸ் மொத்தமும் கொடுத்து வாங்கியது.
பத்திரத்தில் நிறம் நீலம்.
கதவிடுக்கில் தேடினால்
இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெலுத்தோங்,
எங்கள் வீட்டுப் போர்ச்.
கொழுந்தன் பரஞ்சோதி
பூந்தொட்டிகளுக்கு அடியிலிருந்து
நாலு சிமெண்டுக் கல்லை உருவி வந்தான்.
"இது போதும் அண்ணி."

போதாது சோதி.
கல் வீட்டைத் தாங்கும்,
பரவி வரும் பாரத்தை வருடக்கணக்காய்த் தாங்கும்.
ஒரே புள்ளியில் இரும்பு அழுத்தினால்
வளையாது, முனகாது,
சொல்லாமல் உடையும்.
மரமென்றால் நசுங்கும்போதே
ஒரு வார்த்தை சொல்லிவிடும்.

இடித்த கடைவீட்டின் உத்தரத் துண்டுகளை
மதிலுக்கு மேலே நீட்டினார்
பக்கத்து வீட்டு ஆ கியோங்.
செங்கால் மரம்.
"பேரிலேயே கால் இருக்கு" என்றேன்.
தமிழ் தெரியாதவர்
எனக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்.

முன்சக்கரம் இரண்டுக்கும்
முன்னும் பின்னும் ஆப்பு.
ஹேண்ட் பிரேக்கை நம்புவதற்கில்லை.
அது பிடிப்பது பின்சக்கரத்தை,
பின்சக்கரம்தான் ஆகாயத்துக்குப் போகிறதே.

பேட்டரி வயரைக் கழற்றி,
பெட்ரோல் குழாயின் வாயைக் கட்டி,
மோசைக் தரையில் பலகை போட்டு,
பலகை மேல் ஜேக் வைத்து,
குறுக்குக் குழாயின் இரு முனையிலும் ஸ்டாண்ட் நிறுத்தி
நாலு நட்டை அவிழ்த்தோம்.
நாலாவது மட்டும்
ஒரு மணி நேரம் வழக்காடியது.

என்ஜின் பலகைக்கு இறங்கியதும்
காரின் பின்பாரம் போய்விட்டது.
லேசாகிவிட்டதே, இனி பயமில்லை
என்று தோன்றும்.
லேசானதுதான் ஆடும்.

இன்னும் முழ உயரம் ஏற்றினால்தான்
அடியிலிருந்து என்ஜினை இழுக்கலாம்.
ஜேக்கை மூன்று அழுத்து,
ஸ்டாண்டில் ஒரு பல் ஏற்று.
மூன்று அழுத்து, ஒரு பல்.
"எத்தனை தடவை அண்ணி,
ஒரேயடியா ஏத்திட்டு வைக்கலாமே?"
அவனுக்குப் பசி.
எனக்கும்தான்.
மூன்று அழுத்து, ஒரு பல்.

அப்போதுதான் வாஷர் ஒன்று
அவன் விரலைவிட்டு நழுவி
உருண்டு காருக்கடியில் போனது.
நான் வாயைத் திறப்பதற்குள்
குப்புறப் படுத்துத்
தோள்வரை கையை விட்டிருந்தான்.

சத்தமில்லை.
ஜேக்கின் இடுப்பில் எண்ணெய் ஒரு கோடாக வழிந்தது,
அவ்வளவுதான்.
கார் இறங்கியது.
ஒரு விரற்கடை.
"டக்."
ஸ்டாண்டின் தலையில் உட்கார்ந்து
நின்றது.

பக்கத்து வீட்டில்
வாணலியில் கரண்டி உரசிக்கொண்டே இருந்தது.
யாரோ இறாலுக்குப் பூண்டு போடுகிறார்கள்.

சோதி கையை வெளியே எடுத்தான்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கடையில் கொடுத்த சில்லறையை
எண்ணிப் பார்க்கிறவனைப் போல.
"அண்ணி, ஒரு மைலோ கிடைக்குமா?"

திட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டே
இரண்டு கரண்டி பால் கூடுதலாய் ஊற்றினேன்.
என் கை நடுங்கியதில்
பாதி தட்டில் கிடந்தது.
திரும்பி வந்தபோது
கற்கள் நாலும் தொட்டிக்கடியில் போயிருந்தன.
செம்பருத்தி பழைய உயரத்தில் நின்றது.

மாலை வேறு ஜேக் இரவல் வாங்கி
என்ஜினை வெளியே இழுத்தோம்.
கோணிச் சாக்கின் மேல்
இத்தனை சின்னதா என்று கேட்கும்படி இருந்தது.

இரவு மழை.
டார்ச்சோடு போய்
காரை இடுப்பால் ஒருமுறை இடித்துப் பார்த்தேன்.
அசையவில்லை.
இன்னொரு முறையும் இடித்தேன்.

பிஸ்கட் டப்பாவில்
நட்டு நாலு, வாஷர் மூன்று.
ஒன்று அவனிடம் இருக்கிறது,
நான் கேட்கவில்லை.
மூடிமேல் எழுதி வைத்திருக்கிறேன்:
வாஷர் ஒன்று வாங்கவேண்டும்.